எந்த ஒளிப்படப் பாடநெறி யாருக்குப் பொருந்தும்? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, நிலாவெளியில் விடுதியொன்றில் வரவேற்பாளராக வேலை செய்துகொண்டு அதன் முகநூல் பக்கத்துக்குப் படமும் எடுத்துப் போடவேண்டியிருக்கும் இளைஞர், வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கமராவைக் கையில் எடுக்கும் வங்கி உத்தியோகத்தர் என்று, திருகோணமலையில் ஒளிப்படக்கலை படிக்க விரும்புகிறவர்கள் பலவகையினர். இவர்கள் எல்லோரும் "நல்ல பாடநெறி எது" என்றே கேட்கிறார்கள். ஆனால் இவர்களில் ஒருவருக்குச் சரியாக அமையும் பாடநெறி இன்னொருவரின் ஒரு வருடத்தையும் சேமிப்பையும் விழுங்கிவிடக்கூடும். இளையவர்கள் இப்படி இழப்பதைப் பலமுறை பார்த்திருப்பதாலேயே, எங்கள் ஊரில் இருந்துகொண்டு தெரிவுசெய்யக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளும்படி என்னிடம் ஆலோசனை கேட்பவர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம்: இன்னும் ஒரு வருடத்தில் நான் எடுக்கும் படத்தை யார் பெற்றுக்கொள்வார், எதற்காகப் பெற்றுக்கொள்வார்? கல்யாண வீட்டார் ஆல்பமாகப் பெறுவார்கள் என்றால் அது ஒரு பதில். பத்திரிகை ஆசிரியர் செய்திக்காகப் பெறுவார் என்றால் அது வேறொரு பதில். எவருக்கும் கொடுக்கப்போவதில்லை, என் கண்ணுக்கும் மனதுக்கும் தான் என்றால் அதுவும் முழுமையான, மதிக்கத்தக்க பதிலே. இந்த வாக்கியத்தை எழுத முடியாதவர்கள் எந்த நீண்டகாலப் பாடநெறிக்கும் பணம் கட்டாமல், கையிலிருக்கும் கைத்தொலைபேசியிலேயே சில மாதங்கள் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவதாக நான் பயன்படுத்தும் அளவுகோல், ஆசிரியர் உங்கள் படத்தைப் பார்த்து அதன் குறையைச் சொல்லும் நேரம் எவ்வளவு என்பதாகும். லென்ஸின் துவாரம், அது திறந்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு அளவு ஆகிய மூன்றும் படத்தின் வெளிச்சத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை எந்தப் புத்தகத்திலும் எந்த இலவசக் காணொளியிலும் படித்துவிடலாம். எடுத்த படத்தில் நெற்றி ஏன் வெளிறிப்போனது, பின்னாலிருந்த மின்கம்பம் ஏன் மணமகனின் தலையிலிருந்து முளைத்ததுபோல் தெரிகிறது, அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பவற்றை உங்கள் படத்தை வைத்தே ஒருவர் சொல்லவேண்டும். மொத்தம் 24 மணித்தியாலங்கள் நடக்கும் பாடநெறியொன்றில் 20 பேர் படிப்பதாகவும், அதில் 6 மணித்தியாலங்கள் மட்டுமே மாணவர் படங்களைப் பார்வையிட ஒதுக்கப்படுவதாகவும் வைத்துக்கொண்டால், ஒருவருக்குக் கிடைப்பது முழுப் பாடநெறியிலும் 18 நிமிடங்கள். அதே 6 மணித்தியாலங்கள் 8 பேருக்குப் பகிரப்பட்டால் ஒருவருக்கு 45 நிமிடங்கள் கிடைக்கும். விளம்பரத்தில் அச்சிடப்படும் பாட அலகுகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கணக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி வழிகளுக்கு வருவோம். பெற்றோர் முதலில் நினைப்பது கொழும்பில் உள்ள தனியார் நிறுவனமொன்றில் டிப்ளோமா படிப்பதைத்தான். ஸ்டூடியோ விளக்குகளை வரிசைப்படுத்திப் பழகுவதற்கான கூடம், விளம்பரப் படங்களுக்குத் தேவையான பொருள் ஒளியமைப்பு, ஒரே துறையில் முன்னேற நினைக்கும் சக மாணவர்கள், படிப்பு முடியும்போது கையில் ஒரு படத்தொகுப்பு ஆகியவை அங்கே கிடைக்கக்கூடியவை. விளம்பர நிறுவனத்திலோ ஊடக நிறுவனத்திலோ மாதச் சம்பளத்துக்கு வேலை தேடுகிறவருக்கும், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்கும் இந்த வழி பொருந்தும். ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். வார இறுதி வகுப்புக்காக இரவு ரயிலிலோ பேருந்திலோ போய்வருபவர் களைத்த உடலோடுதான் வகுப்பில் உட்காருவார். அங்கேயே தங்கிப் படிப்பவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் பாடநெறிக் கட்டணத்தை எட்டிப்பிடித்துவிடும். இவற்றோடு மொழியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பாடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும்போது விரிவுரையை ஒருவாறு புரிந்துகொள்ளலாம். ஆனால் தன் படத்தைப் பற்றி மற்றவர்கள் முன்னிலையில் எழுந்து பேசவும், சொல்லப்படும் விமர்சனத்துக்குத் திருப்பிக் கேள்வி கேட்கவும் தயங்குகிற மாணவர் அந்தப் பாடநெறியின் சிறந்த பகுதியை இழந்துவிடுகிறார். ஆகவே சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் பார்வையாளராக உட்கார அனுமதி கேட்பதும், தமிழில் விளக்கம் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று விசாரிப்பதும் அவசியம்.

சான்றிதழைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட வேண்டும். தேசிய தொழிற்தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது, 7 மட்டங்களைக் கொண்டது. முதல் 4 மட்டங்கள் சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு இணையானது. ஒரு நிறுவனம் "டிப்ளோமா" என்று அச்சிட்டுக் கொடுக்கும் தாள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் பணம் கட்டக்கூடாது. அரச வேலைக்கோ வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த வேறுபாடுதான் கணக்கில் எடுக்கப்படும். மறுபுறம், கல்யாண வீட்டுக்காரர் எவரும் ஒளிப்படக்காரரிடம் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில்லை. அவர்கள் முன்னைய ஆல்பத்தைத்தான் கேட்கிறார்கள். இலக்கு கல்யாணப் படமாக இருந்தால், சான்றிதழுக்காகச் செலவழிக்கும் தொகையில் ஒரு பகுதியை நல்ல முறையில் அச்சிட்ட மாதிரி ஆல்பமொன்றுக்குச் செலவிடுவது கூடுதல் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

பல்கலைக்கழக வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் உண்டு. மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் காட்சிக்கலைகளுக்கு இடமளிக்கிறது. இவை பட்டப்படிப்புகள். உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு அனுமதி கிடைக்கவேண்டும், முடிக்க வருடங்கள் ஆகும், ஒளிப்படம் அந்தப் பரந்த படிப்பின் ஒரு கூறாகவே வரும். எழுதவும் ஆராயவும் கற்பிக்கவும் விரும்புகிறவர் இவற்றை நாடலாம். ஆறு மாதத்தில் படம் எடுத்துச் சம்பாதிக்க வேண்டியவருக்கு இவை உரிய வழியாகா.

எங்கள் மாவட்டத்தில் மிக அதிகமானோர் உண்மையில் தொழில் கற்றுக்கொள்ளும் இடம், கல்யாண வீடுகளுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் படம் எடுக்கும் ஸ்டூடியோவே. இதைப் பாடநெறி என்று யாரும் அழைப்பதில்லை. விளம்பரமும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. ஆயினும் கல்யாணப் படத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவருக்கு இதற்கு ஈடான வகுப்பறை வேறு எங்கும் கிடையாது என்றே நினைக்கிறேன். முகூர்த்த நேரத்தில் தாலி கட்டுவது சில விநாடிகளில் முடிந்துவிடும். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும் உறவினர் அத்தனை பேரும் எழுந்து அட்சதை தூவ முன்னே வருவார்கள் என்பதும், அவர்கள் மறைப்பதற்கு முன் எந்தப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதும், ஐயர் எந்தக் கட்டத்தில் ஓமத்தில் நெய் விடுவார், அப்போது புகை எந்தத் திசையில் எழும் என்பதும் சடங்கின் ஒழுங்கை மனப்பாடமாக அறிந்தவருக்கே தெரியும். கன்னிகாதானம், கூறை மாற்றி வருதல், அம்மி மிதித்தல் என்ற வரிசையில் ஒன்றைத் தவறவிட்டால் இன்னொரு முறை செய்யச் சொல்ல முடியாது.

ஒளியும் அங்கே சிக்கலானது. மணவறையின் மஞ்சள் மின்குமிழ்கள், வீடியோக்காரரின் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு, வாசலிலிருந்து வரும் பகல் வெளிச்சம் ஆகிய மூன்றும் ஒரே முகத்தில் விழும்போது, வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெண்சமநிலையை எதற்கேற்ப வைப்பது என்பதை ஸ்டூடியோவில் உதவியாளராக நிற்பவர் முதல் வாரத்திலேயே எதிர்கொள்கிறார். பிளாஷ் வெளிச்சத்தைக் கூரையில் பட்டுத் திரும்பவிடும்படி எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. ஆனால் எங்கள் பந்தல்களில் மேலே கட்டியிருப்பது சிவப்பும் மஞ்சளுமான துணி. அதில் பட்டுத் திரும்பும் ஒளி மணமகளின் முகத்துக்கும் அதே நிறத்தைப் பூசிவிடும். இதற்கு என்ன செய்வது என்பதை அந்தப் பந்தலுக்குள்ளேயே நின்று தீர்வு கண்டவர்தான் காட்டித்தர முடியும். பெரும்பாலான கமராக்களில் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 விநாடியைத் தாண்டினால் சாதாரண பிளாஷ் படத்தின் ஒரு பகுதியை இருட்டாக்கிவிடும் என்பது போன்ற செய்திகளும் இவ்வாறான அவசரத்தில் கற்கும்போதே நினைவில் ஊன்றுகின்றன.

பெண்களுக்கு இந்த வழியில் தனியான வாய்ப்பு இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் பல, நிக்காஹ் வைபவத்தில் பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண் ஒளிப்படக்காரரையே விரும்புகின்றன. மணமகளின் அலங்கார அறையில் பெண்ணொருவர் படம் எடுப்பதைத் தமிழ்க் குடும்பங்களும் வரவேற்கின்றன. ஆனால் ஆண்கள் மட்டுமே பணிபுரியும் ஸ்டூடியோவில் இளம் பெண் உதவியாளராகச் சேருவதற்கு வீட்டார் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்படிப்பட்டவர் முதலில் ஊரிலேயே ஒரு குறுகியகால வகுப்பில் அடிப்படையைப் படித்துவிட்டு, ஏற்கெனவே இத்துறையில் இருக்கும் பெண்ணொருவருக்கு இரண்டாவது கமராக்காரராகச் செல்வது நடைமுறைக்கு ஏற்றது.

ஸ்டூடியோ வழியின் குறைகளையும் மறைக்கக்கூடாது. ஒருவரிடம் கற்கும்போது அவருடைய பாணியும் அவருடைய பிழைகளும் சேர்ந்தே வந்துவிடும். "இப்படி வை" என்று சொல்லப்படுமே தவிர, ஏன் என்று விளக்கப்படுவது அரிது. மாதக்கணக்கில் பை சுமப்பதும் விளக்குப் பிடிப்பதுமாகவே காலம் கழிந்து, கமரா கைக்கு வராமல் விலகிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே சேரும்போதே, எத்தனை மாதத்துக்குப் பிறகு படம் எடுக்க விடுவார்கள், போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் யாருடையது, எடுத்த படங்களில் சிலவற்றைத் தன் தொகுப்பில் காட்ட அனுமதி உண்டா என்ற மூன்றையும் பேசிவிடவேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பேசாமல் விடுவதால்தான் பின்னர் மனஸ்தாபம் உண்டாகிறது. அனுபவத்தின் மூலம் கற்றவருக்கு அதன் அடிப்படையில் மதிப்பீடு செய்து தேசிய தொழிற்தகைமை வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். ஒளிப்படத் தொழிலுக்கு அது அந்நேரம் எந்த மட்டத்தில் நடைமுறையில் உள்ளது என்பதை ஆணைக்குழுவிடம் கேட்டறிந்துகொண்டால், ஸ்டூடியோவில் கற்றவரும் பின்னர் சான்றிதழ் பெற வழி பிறக்கலாம்.

பொழுதுபோக்காகப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு ஊரில் நடக்கும் வார இறுதிக் குறுகியகால வகுப்பு போதுமானது. ஆனால் அவ்வகுப்பு வெளியே போகிறதா என்று பார்க்கவேண்டும். மண்டபத்துக்குள் இருந்தபடி கமராவின் பொத்தான்களை ஒவ்வொன்றாக விளக்கும் வகுப்பு, கமராவோடு வரும் கையேட்டைத் தமிழில் வாசித்துக் காட்டுவதற்கு மேல் எதையும் தராது. உப்புவெளிக் கடற்கரையில் விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்கோ, பிரட்ரிக் கோட்டை வாசலுக்கோ, மீன்சந்தைக்கோ, உட்துறைமுகத்தின் ஓரத்துக்கோ மாணவர்களை அழைத்துப்போய், எடுத்த படங்களை அன்றைக்கே பார்வையிடும் வகுப்புக்குக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம்.

இணையவழிப் பாடநெறிகளின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான் தெளிவாகின்றன. கோட்பாட்டுக்கு அவை மிகச் சிறந்தவை. செலவு குறைவு, திரும்பத் திரும்பப் பார்க்கலாம், தமிழ்நாட்டிலிருந்து தமிழிலேயே விளக்கும் காணொளிகளும் ஏராளம். எனினும் ஐரோப்பாவில் தயாரிக்கப்பட்ட பாடத்தில் ஒளியைப் பற்றிச் சொல்லப்படுபவை எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.5 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். டிசம்பர் 21 ஆம் திகதியளவில்கூட நண்பகலில் அது 58 பாகை உயரத்தில் இருக்கும். அதே நாளில் லண்டனில் அது 15 பாகையைத்தான் எட்டும். ஆகவே "குளிர்காலத்தில் நாள் முழுவதும் மென்மையான சாய்ந்த ஒளி கிடைக்கும்" என்று அங்கிருந்து சொல்லப்படும் பாடத்தை நம்பிப் பகல் பதினொரு மணிக்கு நிலாவெளி மணலில் ஒருவரை நிறுத்தினால், கண்குழிகள் இரண்டும் கருநிழலாக விழும். சூரியன் தாழ்ந்து நிற்கும் பொன்னிற ஒளி நேரம் என்று அவர்கள் ஒரு மணித்தியாலத்தைக் குறிப்பிடுவார்கள். எங்களுக்குக் கடலிலிருந்து கிளம்பும் சூரியன், அந்த ஒளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 6 பாகை உயரத்தை எட்ட ஏறத்தாழ 25 நிமிடங்களே ஆகும். சூரியன் எழுவதற்கு முன்பே இடத்தையும் ஆளையும் தயார்செய்து காத்திருக்கவேண்டும் என்பதும், கிழக்குக் கரையில் மாலைச் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் நிலப்பக்கம் மறைவதால் கடற்கரைப் படத்தைக் காலையில் திட்டமிடவேண்டும் என்பதும் உள்ளூரில் கற்பவருக்கு முதல் நாளிலேயே கிடைக்கும் அறிவு.

இணையவழியில் படிக்க முடிவுசெய்பவர், மாணவரின் படத்தைப் பெற்று ஆசிரியர் கருத்துச் சொல்லும் ஏற்பாடு உள்ள பாடநெறியைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்படி இல்லாவிட்டால், நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து வாரம் ஒருநாள் ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் குறைகூறும் வழக்கத்தையாவது ஏற்படுத்திக்கொள்ளலாம்.

செய்தி ஒளிப்படத்தை இலக்காகக் கொண்டவரின் தேவை வேறு. இங்கே கமரா நுட்பத்தைவிட நேர்மை பற்றிய பயிற்சியே பெரிது. படத்தில் இருந்த ஒன்றை அகற்றவோ இல்லாத ஒன்றைச் சேர்க்கவோ கூடாது. யார், எங்கே, எப்போது என்பவை படவிளக்கத்தில் பிழையின்றி இருக்கவேண்டும். திருத்தப்படாத மூலக் கோப்பைப் பாதுகாக்கவேண்டும். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிச் சுற்றை எட்டும் படங்களுக்கு மூலக் கோப்பு கேட்டுச் சரிபார்க்கப்படுகிறது என்பதே இதன் முக்கியத்துவத்தைக் காட்டும். கல்யாணப் படத்தில் தோலை மெருகேற்றிப் பழகிய கை இதற்கு மாறுவது கடினம். ஆகவே பத்திரிகைத் துறைக்குப் போக விரும்புகிறவர் ஸ்டூடியோவில் தொடங்காமல், ஊடகக் கற்கையோடு இணைந்த பாடநெறியையோ, பத்திரிகையின் பிராந்தியச் செய்தியாளர் ஒருவரோடு கூடச் சென்று கற்பதையோ தேர்ந்தெடுப்பது நல்லது. இன்னொன்றும் மனதில் இருக்கவேண்டும். பல ஆண்டுப் போரையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டம் இது. உறவை இழந்தவரின் முன்னால் கமராவை உயர்த்துவதற்கு முன் எப்படி அனுமதி கேட்பது, எப்போது உயர்த்தாமலேயே இருந்துவிடுவது என்பதைக் கற்பிக்காத ஊடகப் பாடநெறியை இந்த மண்ணில் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடலும் காடும் ஈர்க்கும் இளைஞர்களுக்குச் சிறப்புப் பயிற்சிகள் கவர்ச்சியாகத் தெரிவது இயல்பு. நிலாவெளிக்கு அப்பால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில், 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாத்தீவும் அதன் முருகைக்கற்களும் இருக்கின்றன. மே முதல் ஒக்டோபர் வரையான காலத்தில் நீலத்திமிங்கிலங்களைப் பார்க்கப் படகுகள் புறப்படுகின்றன. ஆனால் நீருக்கடியில் படம் எடுப்பதில் பாதி, சுழியோடும் திறமை. உடலை அசையாமல் மிதக்கவிடத் தெரியாதவர் கமராவோடு இறங்கினால் படமும் கிடைக்காது, முருகைக்கல்லும் காலடியில் உடையும். ஏறத்தாழ 5 மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு நிறத்தின் பெரும்பகுதி நீரில் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் ஒளியமைப்பும் தனிப்பாடம். எனவே சுழியோடும் பயிற்சி முதலிலும், அடிப்படை ஒளிப்பட வகுப்பு அடுத்தும், நீருக்கடிப் பயிற்சி மூன்றாவதாகவும் வரவேண்டும். திமிங்கிலப் படத்துக்கு விலைகூடிய நீண்ட லென்ஸ் தேவைப்படும். அதை வாடகைக்குத் தரும் ஏற்பாடு இல்லாத பயிற்சியில் சேர்வது வீண்.

ட்ரோன் பற்றி ஓர் எச்சரிக்கை. இலங்கையில் ட்ரோன் பறப்பதைச் சிவில் விமானசேவைகள் அதிகாரசபை ஒழுங்குபடுத்துகிறது. கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் துறைமுகமும் நெருங்கியிருக்கும் எங்கள் நகரில் அனுமதியின்றி ஒன்றை மேலே எழுப்புவது விளையாட்டல்ல. பதிவு, அனுமதி, தடைசெய்யப்பட்ட வலயங்கள் ஆகியவற்றைப் பாடத்தின் தொடக்கத்திலேயே கற்பிக்காமல் பறக்கவிடும் நுட்பத்தை மட்டும் காட்டுகிற ட்ரோன் வகுப்பு, மாணவரை ஆபத்தில் மாட்டிவிடும்.

எல்லோரும் இலேசாகக் கருதும் கைத்தொலைபேசிப் பயிற்சியை நான் உயர்வாக மதிக்கிறேன். கேக், சேலை, கைவினைப்பொருள் விற்பவருக்கும், சிறிய விடுதி நடத்துபவருக்கும் பெரிய கமரா தேவையில்லை. யன்னலோரத்து ஒளியைப் பக்கவாட்டிலிருந்து விழவிடுவது, எதிர்ப்பக்க நிழலை ஒரு வெள்ளை அட்டையால் நிரப்புவது, லென்ஸைத் துடைப்பது, அறையைப் படமெடுக்கும்போது சுவர்கள் சாயாமல் தொலைபேசியை நிமிர்த்திப் பிடிப்பது ஆகியவற்றை இரண்டு நாள் பயிற்சியிலேயே கற்கலாம். கற்றது அடுத்த நாளே விற்பனைக்கு உதவும். இப்படிப்பட்ட தேவை உள்ளவரை ஆறு மாத டிப்ளோமாவில் சேர்த்துவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

உபகரணம் வாங்குவதைப் பாடநெறிக்குப் பின்னால் தள்ளிவைப்பது எல்லா வழிகளுக்கும் பொது. சேரும் நாளிலேயே குறிப்பிட்ட கமராவை வாங்கவேண்டும் என்று வற்புறுத்தும் நிறுவனத்தை விட்டு விலகலாம். பழகுவதற்குப் பாவித்த கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் போதும். பாவித்த லென்ஸை வாங்கும்போது அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடலோர ஈரப்பதனில் அது எளிதில் பிடிக்கும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதையும், உப்புக்காற்றில் நின்று திரும்பியதும் கமராவைத் துடைப்பதையும் எந்தப் பாடநெறி கற்பிக்கிறதோ, அதன் ஆசிரியர் இந்தக் கரையில் வேலை செய்தவர் என்று நம்பலாம்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டியவை சில உண்டு. சென்ற வருடம் படித்த மாணவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரின் படங்கள் அழகாக இருப்பதைக் கொண்டு அவர் கற்பிப்பார் என்று முடிவுசெய்ய முடியாது. அந்த மாணவர்களில் இருவருடனாவது பேச அனுமதி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர், இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மாணவர் எடுத்த படங்களை நிறுவனம் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்துமா என்பவற்றையும் கேளுங்கள். தொழிலுக்காகப் படிப்பவர், விலை கூறுதல், முற்பணம், ஒப்பந்தம், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் படத்தின் உரிமை ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளனவா என்றும் பார்க்கவேண்டும். நல்ல படம் எடுக்கத் தெரிந்தும் விலை சொல்லத் தெரியாததால் தொழிலைக் கைவிட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அது எனக்கு மிகுந்த வேதனை தருகிற விடயம்.

இறுதியாக, எப்போது தொடங்குவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். வெளிக்கள வகுப்புகளோடு கூடிய குறுகியகாலப் பாடநெறியை நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தொடங்கினால் பாதி நாட்கள் மண்டபத்துக்குள்ளேயே கழியும். மாசி, பங்குனி மாதங்கள் அதற்கு ஏற்றவை. சுற்றுலாப் பயணிகள் வரத்தொடங்குவதற்கு முன் விடுதிப் படங்களுக்கும் தயாராகிவிடலாம். ஸ்டூடியோவில் சேர விரும்புகிறவர் ஆடி மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். தமிழ்க் கல்யாணங்கள் அப்போது நடப்பதில்லையாதலால், ஒளியமைப்பையும் கணினியில் ஆல்பம் வடிவமைப்பதையும் ஆறுதலாகச் சொல்லித்தர உரிமையாளருக்கு நேரம் இருக்கும். ஆனி முடிவதற்குள் போய்ப் பேசிவைப்பது நல்லது. ஆவணியில் முகூர்த்த நாட்கள் தொடங்கிவிட்டால் புதியவர் ஒருவரை அருகில் வைத்துச் சொல்லிக்கொடுக்க அங்கே எவருக்கும் அவகாசம் கிடைக்காது.